பலெர்மோவில் நான் பார்த்த துருவத்து மலைகள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடிதம் எழுதுவேன், செபப்புத்தகம் வாசிப்பேன், அவ்வளவுதான். வெளிநாடு போய் வந்தவர்கள் பங்கு மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று சுவாமி பூசையில் சொன்னபோது நான் தூணுக்குப் பின்னால்தான் இருந்தேன். யாரோ கையைக் காட்டிவிட்டார்கள். என் எழுத்து கோணல். நடந்தது முன்னுக்குப் பின்னாக வரும். சில பெயர்கள் மறந்தே போய்விட்டன. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலி என்றதும் உரோமாபுரியைப் பற்றி எழுதுவேன் என்று பார்ப்பீர்கள். உரோமாபுரியை நான் பார்க்கவில்லை. நான் போனது பலெர்மோ. அது சிசிலி என்ற தீவில் இருக்கிறது. அங்கே இரண்டு மாதத்துக்குக் கிட்ட இருந்தும் நான் சரியாக அறிந்துகொண்டது பலெர்மோவையும் அல்ல. தென்துருவத்துக்குக் கிட்ட, மனிதர் குடியிருக்காத பனிக்குள், வரிசையாக நிற்கும் ஒன்பது குன்றுகளைத்தான். அங்கே நான் போனதில்லை. ஆனால் அந்த ஒன்பதில் ஒன்றைச் சரியான பக்கம் திருப்பி வைத்தவள் நான். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை.

என் தம்பியின் மகள் மெற்றில்டாவுக்கு ஒப்பரேசன் செய்து இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. அவள் மூன்று வருடமாக ரொசாரியோ என்ற ஒரு வயதான சிஞ்ஞோரின் வீட்டில் வேலை. சிஞ்ஞோர் என்றால் ஐயா. பாரம் தூக்கக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்கு வேறு ஆளை விட்டால் வேலை அந்த ஆளோடு போய்விடும். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். மார்கழி, அதாவது டிசம்பர், பிறந்து இரண்டாம் மூன்றாம் நாள் நான் போய் இறங்கினேன்.

முதல் நாள். மெற்றில்டாவின் வீடு ஒரேத்தோ ஆற்றுப் பக்கம், நாலாம் மாடி. ஏறி முடிக்க எனக்கு மூச்சு வாங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "மாமி, சிரிக்க வைச்சுப்போடாதேங்கோ, தையல் நோகுது" என்றாள். சோறும் சாளைக் குழம்பும் வைத்திருந்தாள். அந்தக் கடல் சாளை எங்கள் சாளையை விடக் கொழுப்பு. மன்னார்க் கரையில் பிறந்த பேசாலைக்காரிக்கு மீனில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் போனது கொஞ்சம் ஏமாற்றந்தான்.

இரண்டாம் நாள் மெற்றில்டாவின் புருஷன் அந்தோனி என்னைப் பல்லரோ சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாள் போல மூக்கு நீண்ட மீனின் தலையை வெட்டி, மூக்கு மேலே பார்க்க நட்டு வைத்திருந்தார்கள். விற்கிறவர்கள் கூவுவதைக் கேட்டு எங்கேயோ சண்டை என்று நினைத்து நான் அந்தோனியின் கையைப் பிடித்துவிட்டேன். கறித்தூள் வாங்கிய கடைக்காரர் மொரீசியஸ் நாட்டவர். பெயர் முருகேசன். தமிழ் வராது. என் குங்குமமில்லாத நெற்றியையும் கழுத்துச் சிலுவையையும் பார்த்துவிட்டு, கும்பிடுவதா கைகொடுப்பதா என்று யோசித்து இரண்டையும் செய்தார். கடலை மாவில் மெல்லிய துண்டாகப் பொரித்து பாண் ரொட்டிக்குள் வைத்து ஒரு சாமான் தந்தார்கள். எங்கள் கடலை வடையின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். உறைப்புத்தான் இல்லை.

மூன்றாம் நாள் தனியே வேலைக்குப் போனேன். பஸ் இலக்கத்தைக் கையில் எழுதித் தந்திருந்தார்கள். இலக்கம் சரி, பஸ்ஸும் சரி. ஆனால் நான் எங்கள் நாட்டில் நிற்கிற மாதிரி ரோட்டின் இடது பக்கம் நின்று ஏறிவிட்டேன். அங்கே வாகனம் வலது பக்கத்தால் ஓடும். பஸ் என்னை நகரத்துக்குக் கொண்டுபோகாமல் தோட்டங்களும் மதில்களுமாக வேறெங்கோ கொண்டுபோனது. கடைசி இடத்தில் எல்லாரும் இறங்க, நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். கேட்க வெட்கம். சாரதி வந்து பார்த்தார். நான் கையை நீட்டி இலக்கத்தைக் காட்டினேன். அவர் ஒரு விரலை எடுத்துக் காற்றில் வட்டம் போட்டு, என்னை இருக்கச் சொல்லி, ஒரு தோடம்பழமும் தந்து, அதே பஸ்ஸில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்.

சிஞ்ஞோரின் வீடு வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். அவருக்கு எண்பதுக்குக் கிட்ட வயது. மனைவி இல்லை. கண் பார்வை வெளிச்சமும் இருட்டும் பிரிக்கிற அளவுக்குத்தான். ஆனால் காது கூர்மை. நான் பிந்தி வந்து செருப்பைக் கழற்றும்போதே ஏதோ சொன்னார். பிறகு மெற்றில்டா சொல்லித்தான் விளங்கியது: "மெற்றில்டாவின்ரை மாமி மெல்ல நடக்கிறா, நல்லது, கோப்பை உடையாது."

எனக்கும் அவருக்கும் மொழி ஒரு வழி அமைந்தது. தொலைபேசி அவர் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தது. தடவித் தடவி மெற்றில்டாவின் இலக்கத்தைச் சுழற்றுவார். ஒரு வசனம் சொல்லிவிட்டு எனக்கு நீட்டுவார். நான் கேட்டுவிட்டு மறுமொழி சொல்லி அவருக்கு நீட்டுவேன். பின்னால் பிள்ளை அழுகிற சத்தமும் வரும். "மாமி, நீங்கள் ரெண்டு பேரும் என்னைப் பால் குடுக்க விடுங்கோவன்" என்று அவள் ஒரு நாள் கெஞ்சினாள்.

இனி என் பிழையைச் சொல்கிறேன்.

அவருடைய புத்தக அறையில் ஒரு பெரிய மேசை. அதன்மேல் வெள்ளைத் துணி மூடியிருந்தது. துணியை எடுத்துத் தூசி தட்டப் பார்த்தால், கீழே சாந்தினால் செய்த மலைகள். வரிசையாக ஒன்பது. கறுப்பு முனை, அடியில் வெள்ளை. திருவருகைக் காலம் வேறு. எங்கள் கோவிலில் பன்னிரண்டு வருடம் பாலன் குடிலுக்கு மலை கட்டியவள் நான். எனக்கு வேறு என்ன தோன்றும்? கண் தெரியாத மனிதர் குடிலை அரைகுறையாக விட்டிருக்கிறார், பாவம் என்று நினைத்தேன். அலுமாரியில் பெட்டிக்குள் மண்ணால் செய்த சூசையப்பர், மாதா, இடையர், ஆடுகள் எல்லாம் இருந்தன. சந்தையில் பாசி விற்பதையும் பார்த்திருந்தேன். அடுத்த நாள் வாங்கி வந்து இரண்டு குன்றுகளுக்கு நடுவே பச்சையாகப் பரப்பி, திருக்குடும்பத்தை அங்கே இருத்தி, சரிவில் பதினொரு ஆடு ஏற்றி, உச்சியில் ஒரு கழுதையும் வைத்தேன். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து காட்டினேன்.

அவர் விரல்களால் தடவினார். கழுதையில் கை பட்டது. நின்றார். காதைத் தடவினார், வாலைத் தடவினார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார், எனக்குப் பயம் பிடித்துவிட்டது. உடனே தொலைபேசிக்குப் போனார்.

மெற்றில்டா சொன்னாள்: "மாமி, என்ன வேலை பாத்தனீங்கள். அது குடில் இல்லையாம். தென்துருவத்து மலையாம். அவர் இளமையிலை அங்கை போய் ரெண்டு மாதம் இருந்து அளந்த மலையள். அங்கை ஒரு கழுதை வந்திருந்தா தங்களுக்குச் சுமை குறைஞ்சிருக்கும் எண்டு சொல்லுறார்."

நான் முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஆடுகளை இறக்கினேன். ஆனால் அவர் விடவில்லை. என் கையைப் பிடித்து ஒவ்வொரு குன்றின் மேலும் வைத்துச் சொல்லத் தொடங்கினார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலை முடிய அரை மணித்தியாலம் அதுதான்.

அவர் சொன்னதில் என் தலையில் நின்றது இவ்வளவு. அந்த ஒன்பதும் உண்மையில் பெரிய மலைகள். உடல் முழுவதும் பனிக்குள் புதைந்து தலை மட்டும் வெளியே தெரிகிறது, கழுத்தளவு கடலில் நிற்கிற ஆட்களைப் போல. குன்றுகளுக்கு நடுவே பனி ஆறு மாதிரி இறங்குகிறது, ஆனால் ஒருவர் நின்று பார்த்தால் நகர்வது தெரியாது. மூன்றாம் குன்றின் மறைவில் பனியே இல்லாத வெறும் கல் பள்ளம், அதற்குள் நீலமாக உறைந்த ஒரு சிறு குளம். வெள்ளைப் பறவைகள் கடலிலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்து அங்கே கல்லிடுக்கில் குஞ்சு பொரிக்குமாம். வெயில் காலத்தில் சூரியன் இறங்காமல் வானத்தைச் சுற்றி நடக்கும். காற்று துருவப் பக்கத்திலிருந்து, அந்த ஒரே பக்கத்திலிருந்துதான். "மாடு மாதிரி எங்கடை மேலை சாஞ்சுகொண்டே இருந்துது" என்றாராம்.

வரைபடத்தில் குன்றுகளுக்கு இலக்கம் மட்டுந்தான். ஆனால் பசியோடு இருந்த ஆட்கள் தங்களுக்குள் வேறு பெயர் வைத்திருந்தார்கள். ஐந்தாவது பாண் மலை. ஆறாவது தூண்டில் மலை, ஏனென்றால் அதிலிருந்து ஒரு கை நீண்டு தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்ததாம். புயலில் சாப்பாடு முடிந்தபோது சிஞ்ஞோரும் இன்னொருவரும் அந்த இடைவெளியால் நடந்து மறுபக்கம் போய், அங்கே முன்பே இறக்கி வைத்திருந்த உணவுப் பெட்டியைக் கொண்டுவந்து மற்ற நான்கு பேரையும் காப்பாற்றினார்கள். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம் அது.

ஆனால் மேசையில் அந்த இடைவெளி இல்லை. தூண்டிலின் வளைந்த கை பாண் மலைப் பக்கம் நீண்டு வழியை அடைத்துக்கொண்டு நின்றது. சிஞ்ஞோர் ஒவ்வொரு நாளும் அந்த இடத்துக்கு வந்ததும் விரலால் தட்டி, "இல்லை, இல்லை" என்பார். இந்த மலைகளைச் செய்தவர் ஒரு நூதனசாலையின் இளம் தொத்தோரே, அதாவது படித்த துரை. மூன்று ராசாக்கள் திருநாள் முடியக் கண்காட்சி. சரிபார்க்கச் சொல்லி வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பழைய புகைப்படங்களைப் பார்த்து அளவோடு செய்ததாம். படம் பொய் சொல்லாது, கிழவருக்குத்தான் நினைவு தடுமாறுகிறது என்று அவர் முடிவு. சிஞ்ஞோரின் மகள் நீனாவின் முடிவும் அதுதான். பிறகு அங்கே யாரும் போய்ப் பார்த்ததும் இல்லை.

மெற்றில்டா எனக்கு விளங்கப்படுத்தினாள். "நீனா சிஞ்ஞோரா கொஞ்ச நாளா இதைத்தான் சொல்லுறா மாமி. அப்பா தான் போன வழியையே மறந்திட்டார், இனித் தனிய விடேலாது, நத்தார் முடிய வயோதிபர் இல்லத்திலை விட்டிட்டு வீட்டைப் பூட்டப்போறன் எண்டு. வீட்டைப் பூட்டினா எனக்கும் வேலை இல்லை. அவர் அந்த இல்லத்திலை ஒரு மாதம் இருக்கமாட்டார்."

புனித லூசியா திருநாள் வந்தது. அன்று பலெர்மோவில் பாண் சாப்பிடமாட்டார்கள், மாச் சாப்பாடே இல்லை. தெரியாமல் நான் பாண் வாங்கப் போய், பேக்கரி பூட்டிக் கிடக்கக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றேன். மேல்வீட்டுக்காரி ஒருத்தி பார்த்துவிட்டு, அவித்த கோதுமையில் இனிப்புப் பாற்கட்டி கலந்து ஒரு கோப்பை கொண்டுவந்து தந்தாள். பாற்பொங்கலை ஆறவைத்துச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. லூசியா கண்ணுக்குப் பாதுகாவலி. சிஞ்ஞோர் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, மேசை லாச்சியை இழுத்து, தொத்தோரே பார்த்துச் செய்த புகைப்படக் கட்டை எடுக்கச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். தொலைபேசி நடுவில்.

எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். எல்லாமே கூடாரம் இருந்த ஒரே பக்கத்திலிருந்து எடுத்தவை என்றார், துருவம் இடது கைப்பக்கம். ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினேன். எனக்கு மலை தெரியாது. ஆனால் கல்லுக்குப் பின்னால் கிடந்த பனி எனக்குத் தெரிந்த சாமான். ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் பனி கூராக ஒரு வால் மாதிரி நீண்டு கிடந்தது. எங்கள் தலைமன்னார்க் கரையில் சோளகக் காற்று மாதக்கணக்காக அடிக்கும்போது பனை வடலிக்குப் பின்னால், நட்ட தடிக்குப் பின்னால், கவிழ்த்த வள்ளத்துக்குப் பின்னால் மணல் இப்படித்தான் வால் விடும். காற்று எங்கே இருந்து வருகிறது என்று பார்க்க எங்களுக்கு வேறு ஒன்றும் தேவையில்லை. படங்களில் வால் எல்லாம் வலது பக்கம். ஒன்றில், தூண்டில் மலைப் படத்தில் மட்டும், வால் எல்லாம் இடது பக்கம்.

"காத்து எப்பவாவது மாறி அடிச்சதோ எண்டு கேள் பிள்ளை" என்றேன்.

"ஒரு நாளும் இல்லையாம். ஏன் மாமி?"

"சும்மாதான்."

சொல்லவில்லை. படித்தவர்கள் செய்ததை நான் எப்படிப் பிழை சொல்வது? இரண்டு நாள் அது எனக்கு நெஞ்சுக்குள் கிடந்து குத்தியது. கோவிலில் முழங்காலில் நின்றாலும் அந்த வால்தான் கண்ணுக்குள் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீனா சிஞ்ஞோரா வந்தா. தொத்தோரேயும் மலைகளை எடுத்துப் போக வந்தார். பிள்ளையைக் காட்ட மெற்றில்டாவும் முதல் தடவையாகப் படி இறங்கி வந்திருந்தாள். நான் குசினியில் கோப்பி ஊற்றினேன். அறைக்குள் குரல் ஏறுவது கேட்டது. கோப்பித் தட்டோடு போனேன். தொத்தோரே கண்காட்சியில் வைக்க எழுதிக் கொண்டுவந்த அட்டையை வாசிக்க, மெற்றில்டா என் காதில் சொன்னாள்: "போன வழி நிச்சயமில்லை எண்டு எழுதியிருக்காம்."

சிஞ்ஞோர் கைத்தடியால் தரையில் குத்தினார். "பாண் வலது கைப்பக்கம், தூண்டில் இடது கைப்பக்கம். திரும்பி வரேக்கை அந்த வழியாலைதான் வந்தன். செத்தாலும் மறக்கமாட்டன்."

"அப்பா, நேற்று என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றா நீனா.

தெரியவில்லை அவருக்கு. தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தலையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு லாச்சியைத் திறந்தேன்.

"உன்ரை மாமி என்ன தேடுறா? சீனி இஞ்சை கிடக்கு" என்றா நீனா மெற்றில்டாவிடம்.

"பிள்ளை, அந்த ஒரு படம் பிழை எண்டு சொல்லு."

"எனக்கென்ன தெரியும் மாமி. நீங்கள் கதையுங்கோ, நான் சொல்லுறன்."

நான் படங்களை வரிசையாக மலைகளுக்கு முன்னால் வைத்தேன். ஒவ்வொரு படத்திலும் வாலை விரலால் காட்டினேன். வலது, வலது, வலது, வலது. பிறகு தூண்டில் மலை. இடது.

தொத்தோரே தோளைக் குலுக்கினார். ஒரு நாள் காற்று மாறி அடித்திருக்கும் என்றார்.

"ஒரு நாள் காத்துக்கு உந்த வால் வராது ஐயா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஒரே பக்கத்தாலை நாள்கணக்கா, மாசக்கணக்கா அடிச்சாத்தான் கல்லுக்குப் பின்னாலை இப்பிடிக் கூராப் படியும். நான் மணலிலை வளந்தனான். மலை சரி. காத்து சரி. படத்தைத்தான் ஆரோ மறுபக்கமாக் கழுவிப்போட்டினம்."

மெற்றில்டா அதை அவர்கள் மொழியில் சொன்னாள். பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே, ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள்.

தொத்தோரே படங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தூண்டில் மலைப் படத்தை எடுத்து யன்னலுக்குப் போய், பின்புறம் தன்னைப் பார்க்க வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கடதாசியூடே மலை மங்கலாகத் தெரிந்தது. வால் எல்லாம் வலது பக்கம். தூண்டிலின் கை பாண் மலையை விட்டு விலகி மற்றப் பக்கம் வளைந்தது. நடுவில் வழி திறந்து கிடந்தது.

அவர் பூதக்கண்ணாடி கேட்டார். நீனா அதை வாங்கித் தான் பார்த்தா. மலையடியில் சின்னதாக ஒரு ஆள் நின்றார். நீனா நெடுநேரம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னா: "இது அப்பா. கோட்டுப் பொத்தான் பொம்பிளையளின்ரை மாதிரி மறுபக்கம் பூட்டியிருக்கு. இவ்வளவு வருஷம் எடுத்து எடுத்துப் பாத்தனாங்கள், ஒருதரும் காணேல்லை."

சிஞ்ஞோர் வெற்றி என்று கத்தவில்லை. "கோப்பி ஆறுது" என்றார். ஆனால் கோப்பையைத் தடவி எடுக்கையில் பாதி சட்டையில் ஊற்றுப்பட்டது. நீனா முழங்காலில் இருந்து அதைத் துடைத்தா. துடைத்து முடிந்த பிறகும் எழும்பவில்லை.

தூண்டில் மலையை மறுபடி சாந்தில் வார்க்க நேரம் காணாது என்று தொத்தோரே தலையில் கை வைத்தார். இதற்கு நான் வெட்கப்படவில்லை. அது என் வேலை. சாக்குத்துணி, சீமெந்துப் பைக் கடதாசி, கோதுமை மாப் பசை கேட்டேன். கசக்கிய கடதாசியைப் பசையில் தோய்த்துச் சாக்கில் ஒட்டி நிறுத்தினால் எந்த மலையும் நிற்கும். மூன்று பின்னேரம் செய்தேன். சிஞ்ஞோர் பக்கத்தில் இருந்து ஈரத்தோடு தடவித் தடவி, இங்கே இன்னும் செங்குத்து, இங்கே பள்ளம் என்று விரலால் அமத்துவார். கடைசிப் பின்னேரம் பாணுக்கும் தூண்டிலுக்கும் நடுவே அவருடைய இரண்டு விரல் நடந்து போனது. மறுபக்கம் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

கண்காட்சி அன்று மண்டபம் நிறைய ஆட்கள். அட்டை மாறியிருந்தது. வழி இன்னதென்று எழுதி, சிவப்பு நூல் இழுக்க இடம் விட்டிருந்தார்கள். நூலை இழுக்கும்படி சிஞ்ஞோரைக் கேட்டார்கள். அவர் என்னைக் கூப்பிடச் சொன்னார். நான் மெற்றில்டாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். நீனா வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனா, என்னைப் போல அவவுக்கும் கண் கலங்கியிருந்தது. நான் நூலைப் பிடித்தேன், அவர் என் கைக்கு மேலே கை வைத்து வழிகாட்டினார். கண் தெரியாத மனிதர் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஆனால் உள்ளுக்குள் சிரிப்புத்தான்.

வயோதிபர் இல்லம் என்ற கதையை நீனா பிறகு எடுக்கவில்லை. கிழமையில் இரண்டு நாள் தானே வந்து நிற்கத் தொடங்கினா. மெற்றில்டா தை மாதம் கடைசியில் வேலைக்குத் திரும்பினாள். நான் ஊர் வந்தேன்.

இதை அச்சில் போடுவதற்கு முன், படித்த யாராவது ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும். நீலக் குளம் மூன்றாம் குன்றுக்குப் பின்னாலா நாலாம் குன்றுக்குப் பின்னாலா என்று இப்போது எனக்குச் சந்தேகம். பறவையின் பெயர் மறந்துவிட்டது. கூடாரத்தில் இருந்தவர்கள் நாலு பேரா ஐந்து பேரா என்பதையும் மெற்றில்டாவுக்குக் கடிதம் போட்டுக் கேட்டால் நல்லது. காற்று வந்த பக்கத்தை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம்.